காட்டுக் கீச்சான் வழக்கில் என் தாய்மாமன்

கர்ர்ர், க்ரீச், க்ரீச், க்ரீச். துருப்பிடித்த கதவை ஒருவன் கோபத்தோடு திறந்து, அதைவிடக் கோபத்தோடு மூடுவதுபோல ஒரு குரல். ஒவ்வொரு புரட்டாசியிலும் ஏதோ ஒரு காலையில், பெங்களூரில் என் அடுக்ககத்துக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன கட்டடத்தின் கம்பி முனையிலிருந்து அது வரும். பழுப்புக் கீச்சான். இமயத்துக்கு அப்பால் பனி விழத் தொடங்கிய ஏதோ சமவெளியிலிருந்து பறந்து வந்து, போன வருடம் உட்கார்ந்த அதே கம்பியில் உட்கார்ந்து, இந்த இடம் என்னுடையது என்று தெருவுக்கே அறிவிக்கிறது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, கொள்ளைக்காரன் கட்டிய முகமூடி மாதிரி. மற்றவர்கள் காபியோடு பால்கனிக்கு வந்து ரசிக்கிறார்கள். எனக்கோ அந்தக் குரல் கேட்டதும் கழுத்தில் டை இறுகுகிறது. (வாழ்க்கையில் நான் டை கட்டியது ஒரே ஒரு நாள். அந்த நாளைப் பற்றித்தான் இது.)

எனக்குத் தெரிந்த பொது உண்மை ஒன்றுதான். உங்களைக் கேள்வி கேட்கப்போகிற அறைக்குள் உங்கள் தாய்மாமனை விடாதீர்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் வகுப்புகளின் பலகைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். பூக்கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர், மொட்டை போடுகிற இடத்துக்கு எதிரில் கம்ப்யூட்டர். விடுதியில் அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஒருவன் ஹைதராபாத், ஒருவன் சென்னை, ஒருவன் நேராக அமெரிக்கா. நான் மட்டும் ரேணிகுண்டாவுக்கும் பாகாலாவுக்கும் இடையில் ரயில் பாதையோரத்து முட்செடிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். கீச்சான் தான் பிடித்த ஓணானையும் வெட்டுக்கிளியையும் முள்ளில் குத்தி வைத்துவிட்டுப் போகும், பசிக்கும்போது வந்து தின்னும். கருவேல முள்ளில் ஒரு வெட்டுக்கிளி காய்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷம். (எனக்குப் பெண் கொடுக்க ஏன் யாரும் முன்வரவில்லை என்று அப்போது புரியவே இல்லை.)

யார் கீச்சான், யார் கீச்சான் இல்லை என்பதுதான் என் ஆய்வு. பெயரில் கீச்சானை ஒட்டிக்கொண்டு திரிகிற பறவைகள் பல, எல்லாமே ஒரே குடும்பம் அல்ல. அதில் காட்டுக் கீச்சான் என்று ஒன்று. சாம்பலிலும் சேராத பழுப்பிலும் சேராத ஒரு நிறம். அதே முகமூடி, அதே நுனி வளைந்த அலகு. ஆனால் குரல் சாதுவானது, முள்ளில் எதையும் குத்தாது, சண்டைக்கும் வராது. வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்கள் அதைக் கீச்சான் குடும்பத்தில் வைத்திருந்தன. பின்னால் வந்தவர்கள் வெளியே எடுத்துப் போட்டார்கள். நான் அதைத் திரும்ப உள்ளே சேர்க்கக் கிளம்பினேன். அலகை அளந்தேன், மண்டையோட்டை அளந்தேன், துறை அலமாரியில் நாப்தலீன் உருண்டைகளோடு மல்லாந்து கிடந்த பாடம் பண்ணிய பறவைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வருடங்கள் போயின. "அநியாயமாகத் தள்ளிவைக்கப்பட்ட ஒரு பறவைக்கு நியாயம் வாங்கித் தரப்போகிறேன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (கைக்குக் கிடைத்தால் அந்தப் பையனை இப்போது அறைவேன்.)

பறவை ஜெயித்தால் எனக்குச் சோறு. அதுதான் விஷயம். சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். பட்டம் வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கல்லூரி முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் விலங்கியல் பிரிவையே மூடிவிட்டு அந்த அறையில் கம்ப்யூட்டர் வைக்கப்போவதாகவும் அதே வாயால் சொல்லியிருந்தார். எல்லாம் வைவா என்கிற அந்த ஒரு வாய்மொழித் தேர்வில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கில் நைனா, ஒரு காலத்தில் அடுத்தவர் கரும்புக் கொல்லையில் கூலி, பிறகு அரசாங்கம் கொடுத்த மேட்டு நிலத்தில் வேர்க்கடலை. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான்தான். வைவாவுக்குச் சில நாட்கள் முன்னால் ஊருக்குப் போனேன்.

"வைவான்னா இன்னாடா?" என்றார் நைனா.

அங்கேதான் வாயைக் கொடுத்தேன்.

"எல்லாரும் கூடி உக்காந்துக்கினு இருப்பாங்க நைனா. வெளியூர்லருந்து ஒரு பெரியவரு வருவாரு. நான் எழுதனது ரைட்டா தப்பான்னு கேள்வி கேப்பாரு. நான் என் பக்கத்து நியாயத்த சொல்லணும். கடைசில தீர்ப்பு சொல்லுவாங்க."

"யாரு வேணா வரலாமா?"

"வரலாம். பொதுவுல நடக்கறதுதான்."

நைனாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மெல்லச் சொன்னாள்: "எங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பணும்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்த உண்மைகளை எங்கள் ஊரில் வரிசையாக அடுக்கினால் அதற்கு ஒரே பெயர்தான். பஞ்சாயத்து. எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்தில் நிற்க வைக்கப்பட்ட இளவட்டம் வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்காகத் தாய்மாமன் பேசுவார். தாய்மாமன் வராமல் தனியாக நிற்கிறவன் நாதியற்றவன், அவனுக்குத் தண்டனை இரண்டு மடங்கு.

என் தாய்மாமன் முனிரத்தினத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் வக்கீல் என்றே பெயர். மாடு மேய்ந்த வழக்கு, வாய்க்கால் வழக்கு, ஓடிப்போன வழக்கு, எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய வழி எளிமையானது. முதலில் ஒரே கேள்வியில் எதிராளியை மடக்குவார். மடங்கியதும், தாமதிக்காமல், தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு கைகூப்பிவிடுவார். ஜெயித்துக்கொண்டிருக்கிறவனே மன்னிப்புக் கேட்டால் பஞ்சாயத்துக்காரர்களின் மனசு கரைந்துவிடும். லேசான அபராதத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இந்த வித்தையில் அவர் தோற்றதே இல்லை.

வைவா அன்றைக்கு நல்ல வெயில். அறை நண்பன் ரமணா தன் கோட்டையும் டையையும் கடன் கொடுத்தான். விசா நேர்காணலுக்காக அவன் தைத்த கோட்டு. ஏற்கெனவே ஒருமுறை நிராகரிக்கப்பட்ட கோட்டு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். கருத்தரங்க அறைக்குள் நுழைந்தால், முன்வரிசையில் நைனா, அம்மா, சித்தப்பா, அத்தை, இன்னும் யார் யாரோ. காலை பாசஞ்சரில் பாகாலாவிலிருந்து ஏறி வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக மாமா. காலடியில் துணி போட்டுக் கட்டிய இரண்டு குண்டான்கள்.

"இன்னாம்மா அது?" என்றேன்.

"களி, நாட்டுக்கோழிக் கொழம்பு. அந்தப் பெரியவருக்கு."

என் கைடு, ஆய்வுக்கு வழிகாட்டிய தெலுங்குக்காரப் பேராசிரியர், நல்ல மனுஷர், கதவருகே நின்று என்னைப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் ஊர்கிறது. ஏனென்றால் அந்தப் பெரியவர், வடக்கேயிருந்து வந்த தேர்வாளர், அன்று மதியம் மலைமேல் தரிசனத்துக்குப் போகவேண்டியவர். மெலிந்த மனிதர், மெல்லிய குரல். அந்த மெல்லிய குரலில்தான் என்னை அறுத்தார். இங்கிலீஷில்.

"உங்கள் ஆய்வின்படி காட்டுக் கீச்சானும் கீச்சான் குடும்பம்தான், இல்லையா?"

"ஆமாம் சார்."

"இரையை முள்ளில் குத்தி வைக்குமா?"

"வைக்காது சார்."

"பிறகு எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

"அலகு நுனியில் கொக்கி இருக்கிறது சார்."

"கிளிக்கும்தான் இருக்கிறது."

பின்வரிசையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "இப்போது மரபணுவைப் பார்க்கிறார்கள். கீச்சானுக்குக் கிட்டத்து உறவு காக்கை. உங்கள் காட்டுப் பறவை அந்தக் குடும்பத்திலேயே வராது என்கிறார்கள். முகத்தைப் பார்த்து உறவு சொல்கிற காலம் முடிந்துவிட்டது."

என்னிடம் பதில் இருந்தது. ஐந்தாவது அத்தியாயம், மேலண்ணத்து எலும்பின் வடிவம். வாக்கியம் முழுதாக, இலக்கணச் சுத்தமாக, நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதற்குள், மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்த ரமணா கிசுகிசுத்தது கேட்டது: அந்தக் குருவி இவன் சொல்கிற குடும்பமே இல்லையாம்.

"ஒரு நிமிசம் சார்."

மாமா எழுந்துவிட்டார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கைகளைக் கூப்பினார். எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. 

"புள்ள பேச மாட்டான். நான் அவன் தாய்மாமன். எதுனா கேக்கறதா இருந்தா என்னை கேளுங்க."

தேர்வாளர் கைடின் பக்கம் திரும்பினார். "யார் இவர்?"

கைடு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பொதுமக்கள், சார்."

"நல்லது. பொதுமக்கள் கேள்வி கேட்க விதியில் இடம் இருக்கிறது. கேட்கட்டும்."

எங்கள் தமிழ் புரியும் என்பதால் ரமணா மொழிபெயர்ப்பாளனானான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் குருவி இவங்க குடும்பம் இல்லன்றீங்க. சரி. அப்ப அது யாரு குடும்பம் சார்?"

"அது இன்னும் முடிவாகவில்லை."

"முடிவாவறதுக்கு முன்னாடியே இன்னாத்துக்கு சார் தொரத்துறீங்க?"

ரமணா அதை இங்கிலீஷில் சொன்னபோது கைடின் முகத்தில் ஒரு வெளிச்சம். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் முனைவர். சித்தூரில் நிரந்தரம். வாசலில் என் பெயர்ப்பலகை வெயிலில் மின்னுகிறது.

மாமா அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

"எங்களையும் இப்டித்தான் சார் பண்ணாங்க. எங்க நைனா காலத்துல எவனோ வந்து கோடு போட்டுட்டுப் போய்ட்டான். படுத்தது மெட்ராஸ் ராஜ்யத்துல, எந்திரிச்சது ஆந்திராவுல. அந்தாண்ட போனா நீ ஆந்திராக்காரன், போடான்றான். இந்தாண்ட வந்தா அரவவாடுன்றான். நாங்களாவது வாயி இருக்கறவங்க, கத்தனோம். அது குருவி சார். எங்க போய் மனு கொடுக்கும்?"

அரவவாடு என்பது தமிழனைத் தெலுங்கில் இளக்காரமாகச் சொல்கிற சொல். ரமணா அதை மொழிபெயர்க்காமல் விழுங்கினான். தேர்வாளர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளி மடங்கிவிட்டார் என்பது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். "மாமா, வேணாம்" என்று சொல்லத்தான் நினைத்தேன். உதடு மட்டும்தான் அசைந்தது.

மாமா குரலைத் தாழ்த்தினார். அவருடைய புகழ்பெற்ற, கல்லையும் கரைக்கிற குரல்.

"இருந்தாலும் எங்க புள்ள பண்ணதும் தப்புதான் சார். சின்ன வயசு. வேத்துக் குடும்பத்துக் குருவிய கொண்டாந்து இங்க சேத்துட்டான். ஒத்துக்கறோம். எதுனா அபராதம் போட்டு, பட்டத்த மட்டும் கொடுத்து வுட்ருங்க."

நைனா எழுந்தார். "ஒத்துக்கறோம் சாமி." சித்தப்பா எழுந்தார். அத்தை எழுந்தாள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். ஒரு வரிசை முழுக்கக் கூப்பிய கைகள். மலைமேல்கூட அத்தனை பக்தியை நான் பார்த்ததில்லை.

ரமணா என்னைப் பார்த்தான். பிறகு, நேர்மை தேவைப்படாத ஒரே இடத்தில் நேர்மையாக, மொழிபெயர்த்தான்: "சார், வகைப்பாடு தவறு என்று ஒப்புக்கொள்கிறார்கள்."

"நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்களா?" தேர்வாளர் என்னிடம் கேட்டார். அந்தக் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

ஐந்தாவது அத்தியாயம் தொண்டையில் நின்றது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் சபையில் தாய்மாமன் சொன்னதை மருமகன் மறுத்தால், அந்தத் தாய்மாமன் அதன்பிறகு எந்தச் சபையிலும் எழுந்து நிற்க முடியாது. எம்.எஸ்ஸி. படித்த நாக்கு, இங்கிலீஷில் சண்டை போடப் பழகிய நாக்கு, ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கட்டுப்பட்டு உள்ளே படுத்துக்கொண்டது. நான் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றேன். தேர்வாளர் கீழே வைத்த பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார்.

மரபணுச் சான்றுகளோடு முழுவதையும் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும்.

"தீர்ப்பு இன்னாப்பா?" மாமா ரமணாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மொத்தமும் மறுபடி எழுதணுமாம்."

"அவ்ளோதானா? அபராதம் கெடையாதா? ஊரவுட்டுத் தள்ளிவெக்கலியா?" மாமா நைனாவின் பக்கம் திரும்பினார். முகம் பளபளத்தது. "பாத்தியா மச்சான்! நம்ம கேசு நின்னுச்சு!"

அத்தை கொண்டுவந்திருந்த கூடைக்குள்ளிருந்து ஒரு சம்பங்கி மாலை வெளியே வந்தது. திமிறத் திமிற என் கழுத்தில் விழுந்தது, டைக்கு மேல். எல்லோரும் கைதட்டினார்கள். விவரம் தெரியாத பின்வரிசை மாணவர்களும் தட்டினார்கள். கைடு என்னைக் கடந்து போகும்போது நின்றார். "ஏமய்யா, உன்னைச் சேர்த்ததுக்குப் பதிலா அவரைச் சேர்த்திருந்தா எனக்கு இந்நேரம் ஒரு பி.எச்.டி. வந்திருக்கும்." தேர்வாளர் அம்மாவின் குண்டானைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, சைவம் என்று சைகையில் சொல்லி, மலைக்குப் போய்விட்டார். கோழிக் குழம்பை விடுதி தின்றது.

"துன்னுடா" என்றார் மாமா. "ஜெயிச்சவன் மாதிரியா இருக்குது மூஞ்சி? எழவு வூட்டுல உக்காந்துக்கினு இருக்கறாப்ல உக்காந்துக்கினு இருக்கற."

நான் தின்னவில்லை.

மரபணுச் சான்றுக்கு எங்கே போவது? எங்கள் துறையில் இருந்தது ஒரு குளிர்பதனப் பெட்டி, அதில் கைடின் தயிர்சாதம். அடுத்த கல்வியாண்டில் சித்தூர் கல்லூரியில் விலங்கியல் அறை கம்ப்யூட்டர் அறையானது. பாட்டில்களில் மிதந்த தவளைகள் வராந்தாவுக்கு வந்தன, நான் வராந்தாவையும் தாண்டி வந்தேன். ரமணா அதே கோட்டோடு மறுபடி போய் விசா வாங்கிக்கொண்டு பறந்தான். நான் பெங்களூருக்கு வந்து, அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்கிற வேலையில் சேர்ந்தேன். டாக்டர் ஆகவேண்டியவன், டாக்டர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் ஆனேன். காதுக்குள் யாருடைய ஈரலோ, யாருடைய மூத்திரப்பையோ. முட்செடி இல்லை, வெட்டுக்கிளி இல்லை. கொஞ்ச வருடம் மாமாவோடு நான் சரியாகப் பேசவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை. தான் ஜெயித்த வழக்குகளின் பட்டியலில் அதையும் சேர்த்து, கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்துதான் அது குடும்பத்தில் பரவியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதைச் செய்தாலும், தோசை தீய்ந்தால், மாப்பிள்ளை வண்டியை இடித்தால், பேரப்பிள்ளை மார்க்கு குறைந்தால், யாராவது ஒருவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்புவார்: "சின்ன வயசு சார். வேத்துக் குடும்பத்துக் குருவிய சேத்துட்டான். ஒத்துக்கறோம்." கூடம் குலுங்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். என் மனைவி இதைக் கல்யாணத்தன்றே கற்றுக்கொண்டுவிட்டாள், நன்றாகவே நடித்துக் காட்டுவாள்.

சில வருடங்களுக்கு முன்னால், வேலைக்கு நடுவே இணையத்தில் தற்செயலாகப் பார்த்தேன். முடிவாகிவிட்டது. காட்டுக் கீச்சான், கீச்சான் குடும்பம் இல்லவே இல்லை. மரபணுவைப் பார்த்து, கடல் தாண்டி மடகாஸ்கர் தீவில் வாழ்கிற ஒரு பறவைக் குடும்பத்தில் அதைச் சேர்த்துவிட்டார்கள். சொந்தபந்தமெல்லாம் அங்கே இருக்க, இது மட்டும் நம் ஊர் முட்காட்டில் பாஷை தெரியாதவர்களோடு காலம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. ஆக, ஐந்தாவது அத்தியாயம் குப்பை. தேர்வாளர் சொன்னது சரி. ஒரு மண்ணும் தெரியாமல் மாமா ஒப்புக்கொண்டதும் சரி. அந்த அறையில் கோட்டுப் போட்டிருந்தவன் ஒருவன்தான் தப்பு. இருபது வருடக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் அதற்கு முந்தின பங்குனியிலேயே போய்விட்டிருந்தார்.

வைவா நடந்த அன்று சாயங்காலம் திருப்பதி ரயில் நிலையத்தில் அவர்களை வழியனுப்பப் போனேன். காலிக் குண்டான்கள் முதலில் ஏறின, பிறகு ஆட்கள். மாமா ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டார். நான் கீழே நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையைக் கழற்றிவிட்டிருந்தேன், டையைக் கழற்றத் தெரியவில்லை. பாசஞ்சர் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. மாமா கம்பிகளுக்கு இடையில் முகத்தைப் பதித்து, சத்தத்தை மீறிக் கத்தினார்:

"டேய் சேகரு! அவங்க பேசி ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் அந்தக் குருவி நம்ம கூடவே இருக்கட்டும்டா!"